கண்ணை மூடினால் தம்பூரா எழும்: மூளை அலையோடு வீட்டில் பழகத் தொடங்குவோருக்கு

என் பெரியம்மா கடைசி ஒன்றரை வருஷம் வாய் திறந்து கதைக்கவில்லை. மோட்டார் நியூரோன் நோய். முதலில் கை போனது, பிறகு குரல் போனது. கண் மட்டும் கடைசிவரை சொன்ன சொல் கேட்டது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில், ஃபேனுக்கு நேர் கீழே அவருடைய கட்டில். அவருக்கு ஒரு மணியாவது அடிக்கத் தர வேண்டும் என்றுதான் நான் மூளை-கணினி இடைமுகம், அதாவது உடலிலிருந்து வரும் மின்னசைவை அளந்து கணினிக்குக் கட்டளையாக்கும் விஷயத்துக்குள் இறங்கினேன். பெரியம்மா போன பிறகும் அதை விட மனம் வரவில்லை.

இப்போது தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது, எதை வாங்குவது, நினைப்பதை அது வாசிக்குமா? அவர்களுக்கு நேரில் சொல்வதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். கணினி ஓரளவு பழக்கமிருந்தால் போதும். ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

தலையிலிருந்து வருவது என்ன

மூளையில் நரம்பணுக்கள் பெருந்தொகையாக ஒரே தாளத்தில் இயங்கும்போது, அந்த மின்னசைவு மண்டையோட்டையும் தோலையும் தாண்டி மெல்லியதாக வெளியே கசிகிறது. அதன் அளவு 10 முதல் 100 மைக்ரோவோல்ட். டோர்ச் பற்றரி ஒன்று 1.5 வோல்ட். அதைப் பதினைந்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் இந்த 100 மைக்ரோவோல்ட். பெரும்பாலும் அவ்வளவும் கிடைக்காது. இதை 1924இல் ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் முதன்முதலாக மனிதத் தலையிலிருந்து பதிவு செய்தார். தன் கண்ணையே நம்பாமல் ஐந்து வருஷம் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு 1929இல்தான் வெளியிட்டார். ஒருவர் கண்ணை மூடி ஆறுதலாக இருக்கும்போது நொடிக்கு 8 முதல் 13 தடவை எழுந்து விழும் அலை ஒன்று தெளிவாகத் தெரிவதை அவர் கண்டார். அதுதான் ஆல்ஃபா அலை. நீங்களும் அதிலிருந்துதான் தொடங்கப் போகிறீர்கள்.

நினைப்பதை வாசிக்குமா என்றால், வாசிக்காது. ஆடிவேல் ஊர்வலம் காலி வீதியால் போகும்போது பின் ஒழுங்கையில் நிற்கிறவருக்கு மேளம் கேட்கும். தேர் கிட்ட வருகிறதா, தள்ளிப் போகிறதா என்றும் விளங்கும். கூட்டத்துக்குள் யார் யாரோடு என்ன கதைத்தார் என்று விளங்காது. தலைக்கு வெளியே வைக்கும் மின்முனைக்குக் கேட்பதும் அவ்வளவுதான். விழித்திருக்கிறீர்களா, கண் மூடியிருக்கிறதா, பல்லைக் கடிக்கிறீர்களா, திடீரென்று ஒன்று கவனத்தை இழுத்ததா, இப்படிப்பட்ட நிலைகளைத்தான் அது காட்டும்.

செய்தியில் வருவது வேறு வகை. 2021இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், கை அசையாத ஒருவர் மனத்துக்குள் எழுதிய எழுத்துகளை நிமிடத்துக்கு 90 வரை திரையில் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரியில் நியூராலிங்க் தன் கருவியை முதல் மனிதருக்குப் பொருத்தியது. அவர் கையை அசைக்காமலே கணினியில் சதுரங்கம் ஆடினார். இவை மண்டையைத் திறந்து மூளைக்குள்ளேயே வைப்பவை. நாம் செய்யப்போவது நெற்றியிலும் காதோரத்திலும் ஒட்டிக் கழற்றுவது. இரண்டையும் ஒன்றாக எண்ணி வாங்குகிறவர்கள்தான் ஒரு வாரத்தில் அலுத்து மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

எதை வாங்கலாம்

எனக்குத் தெரிந்து தொடங்குகிறவருக்கு மூன்று வழி இருக்கிறது.

கையால் எதுவும் பற்றவைக்க விருப்பமில்லை, இசையோ படமோ செய்ய ஆசை என்றால் மியூஸ் போன்ற தலைப்பட்டி. நெற்றியில் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு என நான்கு இடத்தில் தொடும். நொடிக்கு 256 தடவை அளந்து புளூடூத்தில் அனுப்பும். நியூரோஸ்கையின் மைண்ட்வேவ் இதைவிட எளிது. நெற்றியில் ஒரேயொரு முனை, காதுமடலில் ஒரு கிளிப். இமைப்பதைப் பிடிக்க அது தாராளம். ஆல்ஃபாவுக்குச் சற்றுக் குறைவுதான், ஏனென்றால் ஆல்ஃபா பலமாக இருப்பது பிடரிப் பக்கம்.

செலவைக் குறைத்துக் கையால் செய்து பார்க்க விரும்புகிறவருக்கு இந்தியாவின் அப்சைட் டவுன் லாப்ஸ் செய்யும் பயோஆம்ப் இஎக்ஸ்ஜி பில் என்ற சிறு மின்பலகை. இனி அதைப் பில் என்றே சொல்கிறேன். விரல் நுனியில் வைக்கலாம். நாமே நிரல் எழுதி ஓட்டும் ஆர்டுயினோ என்ற சிறு பலகையோடு சேர்த்தால் கண், தசை, இதயம், மூளை என எதையும் ஒவ்வொன்றாக அளக்கலாம். பெரியம்மாவுக்கு நான் பயன்படுத்தியது இதைத்தான்.

மூன்றாவது ஓபன்பிசிஐயின் சைட்டன். எட்டு வழி, அதாவது எட்டு இடத்தை ஒரே நேரத்தில் அளக்கும். 24 பிட் நுணுக்கம், நொடிக்கு 250 அளவு. பல்கலைக்கழக ஆய்வுக்கோ நிறுவனத்துக்கோ போதும். முதல் வாங்கலாக வேண்டாம்.

ஆர்டுயினோ, வயர், பஸர் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். ஒட்டும் மின்முனைகளை, அதாவது ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுகிற அதே வட்ட ஸ்டிக்கரை, மருத்துவச் சாமான் விற்கும் கடையிலும் பெரிய பார்மசியிலும் கேளுங்கள். தலைப்பட்டியையும் பில்லையும் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருக்கும். ஓடர் போடுமுன் தபால் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர் இருந்தால் அவரிடம் சொல்லிவிடுவது லேசு.

தொடுமுன்

மின்முனை உடலில் இருக்கும்போது கணினியின் சார்ஜர் சுவரில் இருக்கவே கூடாது. மடிக்கணினியைப் பற்றரியில் மட்டும் ஓட்டுங்கள். பழுதான சார்ஜரால் 230 வோல்ட் கசிந்தால் அந்த ஸ்டிக்கர் அதை நேரே உடலுக்குள் விடும். இது ஒன்றில் மட்டும் சலுகை வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி முழங்கினால் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். வீட்டில் வலிப்பு உள்ளவர் இருந்தால் மினுக்கும் வெளிச்சத்தை வைத்துச் செய்யும் சோதனைகளை அவர் முன்னால் செய்யாதீர்கள். தலைக்கு மின்சாரம் கொடுக்கும் கருவிகள் என்று விற்கிறார்களே, அவை வேறு சாதி. நாம் அளக்க மட்டும்தான் போகிறோம்.

முதல் நாள்: கண்ணைத் திறந்து மூடுதல்

முதல் நாள் எனக்கு மூன்று மணித்தியாலம் வீணானது. திரையில் ஒரே புல்வெளி மாதிரிக் கோடு. கருவி பழுது என்றே முடிவு கட்டிவிட்டேன். தலையில் காலையில் வைத்த தேங்காய் எண்ணெய்தான் காரணம் என்று அடுத்த நாள் முழுகிவிட்டு உட்கார்ந்தபோது தெரிந்தது. ஆகவே நம் ஊருக்கு முதல் படி இதுதான்.

1. முதல்நாள் இரவே தலை முழுகுங்கள். எண்ணெய் வேண்டாம். திருநீறு, சந்தனம், ஸ்டிக்கர் பொட்டு எதுவும் முனை படும் இடத்தில் இருக்கக் கூடாது. நெற்றியையும் காதுக்குப் பின்னாலும் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். கோயிலுக்குப் போய் வந்து செய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2. வியர்வை அடங்கட்டும். வியர்த்தால் கோடு அலைபோல மேலும் கீழும் மிதந்து திரியும். மதியம் இரண்டு மணிக்கு வேண்டாம், விடியப்புறம் நல்லது. உலர்முனைத் தலைப்பட்டி என்றால் நேர்மாறு சிக்கலும் உண்டு: ஏசி அறையில் தோல் காய்ந்து தொடுகை போய்விடும். அப்போது ஒரு துளி தண்ணீரை விரலால் தொட்டு முனையில் தடவினால் சரி.

3. முனையை வையுங்கள். பில் வைத்திருப்பவர் பிடரியில், தலையின் பின்புறம் கையில் தட்டுப்படும் எலும்பு முட்டுக்கு ஒன்றரை விரற்கடை மேலே, சற்று ஒரு பக்கமாக ஒரு முனை. அதே பக்கக் காதுக்குப் பின் எலும்பில் ஒன்று. மறு காதுக்குப் பின் மூன்றாவது. முடி நடுவில் ஸ்டிக்கர் நிற்காது. தங்கம் பூசிய கிண்ண முனையும் பசையும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முடியை வகிடெடுத்துத் துணிப்பட்டியால் இறுக்குங்கள்.

4. எல்லா ஃபேனையும் லைட்டையும் அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை பாருங்கள். நம் வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 தடவை துடிப்பது. அது காற்றிலேயே உடம்பில் ஏறும். திரையில் அடர்த்தியாகத் தெரியும் அந்தப் புல்வெளி பெரும்பாலும் அதுதான். மென்பொருளில் 50 ஹேர்ட்ஸ் வடிகட்டியைப் போடுங்கள். சில மென்பொருளில் முதலிலேயே 60 என்று இருக்கும், அது அமெரிக்கக் கணக்கு. மாற்ற மறந்தால் எவ்வளவு தேடினாலும் காரணம் பிடிபடாது.

5. இமையுங்கள். நெற்றியில் முனை இருந்தால் பெரிய மேடு ஒன்று எழ வேண்டும், பிடரியில் என்றால் அது சிறிதாகவே தெரியும். பல்லைக் கடியுங்கள். கோடு முழுக்கக் கலங்க வேண்டும். இரண்டும் நடந்தால் தொடுகை சரி. இரண்டும் மூளையிலிருந்து வரவில்லை. ஒன்று கண், மற்றது தாடைத் தசை. இவற்றின் முகத்தை நன்றாகப் பழகி வையுங்கள், பிறகு ஏமாற மாட்டீர்கள்.

6. இப்போது 30 நொடி கண் திறந்து சுவரைப் பாருங்கள். 30 நொடி மூடி, தோளைத் தளர்த்தி இருங்கள். இப்படி ஐந்து சுற்று. எந்த வேகத்து அலை எவ்வளவு பலம் என்று காட்டும் அலைவெண் வரைபடத்தில் மூடிய நேரங்களில் 10 ஹேர்ட்ஸ் பக்கம் ஒரு திட்டி எழும், திறந்ததும் அடங்கும். சிலருக்கு அது இயல்பாகவே சிறிதாக இருக்கும். அதனால் உங்களுக்கு ஏதோ குறை என்று எடுக்க வேண்டாம். வீட்டில் இன்னொருவரை உட்கார்த்திப் பாருங்கள்.

அந்தத் திட்டியை முதன்முதல் பார்த்த இரவு நான் என் தங்கையை எழுப்பிக் காட்டினேன். அவளும் கண்ணைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒரு மணிவரை இருந்தாள். நூறு வருஷத்துக்கு முன் ஜேனாவில் ஒருவர் பார்த்ததை நம் முன்னறையில் நாமே பார்ப்பது சின்ன விஷயமில்லை.

தம்பூரா

ஆல்ஃபாவால் இசை எழுப்புவது புதிதல்ல. 1965இலேயே அல்வின் லூசியர் என்ற அமெரிக்க இசைஞர் மேடையில் கண்ணை மூடி உட்கார்ந்து, தன் ஆல்ஃபா அலையால் ஒலிபெருக்கிகளை அதிரவைத்து, அவற்றோடு சேர்த்து வைத்த மேளங்களை ஒலிக்கச் செய்தார். நமக்கு அதைவிடப் பொருத்தமானது சுருதி. பாடத் தொடங்குமுன் எல்லோரும் கண்ணை மூடித்தானே சுருதி சேர்க்கிறோம்.

மியூஸ் வைத்திருப்பவருக்கான வழி இது. போனில் மைண்ட் மொனிட்டர் என்ற செயலி. மடிக்கணினியில் சோனிக் பை என்ற இலவச மென்பொருள். போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். மைண்ட் மொனிட்டர் ஓஎஸ்சி என்ற வடிவில் எண்களை அனுப்பும். அதன் அமைப்புகளில் உங்கள் கணினியின் ஐபி முகவரியைக் கொடுத்து, போர்ட் எண்ணை 4560 என்று மாற்றுங்கள். சோனிக் பையின் அமைப்புகளில் வெளியிலிருந்து வரும் ஓஎஸ்சியை ஏற்க ஒரு குறி இருக்கும், அதைப் போடுங்கள். பலர் இந்தக் குறியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

உங்கள் சுருதிப் பெட்டியையோ தம்பூராவையோ போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து, சோனிக் பையில் சுற்றிச் சுற்றி ஓடவிடுங்கள். அதன் ஒலியளவை ஆல்ஃபா எண்ணோடு கட்டுவதுதான் வேலை. அப்படியே நேராகக் கட்டினால் ஒலி நடுங்கும், காது தாங்காது. நொடிக்குப் பத்து எண் வருகிறதென்றால் கடைசி இருபதின் சராசரியை எடுங்கள். எழும்புவது நாலு நொடியில் மெதுவாக, அடங்குவது ஒரு நொடியில் விரைவாக என்று வையுங்கள். என் தலையில் ஒருநாள் திறந்தபோது 0.6, மூடியபோது 1.1 சுற்றி வந்தது. 0.6ஐ நிசப்தமாகவும் 1.1ஐ முழு ஒலியாகவும் வைத்தேன். ஒவ்வொரு நாளும் இந்த இரண்டு எண்ணும் மாறும். உட்கார்ந்தவுடன் ஒரு நிமிடம் அளந்து புதிதாகப் போடுங்கள்.

தங்கையின் மகள் வாய்ப்பாட்டு பழகுகிறாள். அவளை உட்கார்த்தினோம். கண்ணை மூடினாள். ஒன்றுமில்லை. "மாமா, வேலை செய்யேல்ல" என்று கண்ணைத் திறந்தாள். கேட்குதா கேட்குதா என்று காத்துக்கொண்டிருந்தால் ஆல்ஃபா எழாது. "அதை விடு, ஸ பிடி" என்றேன். மூடி, மூச்செடுத்து, மெல்ல ஸ பிடித்தாள். இரண்டாவது மூச்சில் தம்பூரா அவள் குரலுக்குக் கீழே வந்து சேர்ந்தது. அவள் சிரித்ததும் நின்றது. பாடும்போது தாடைத் தசையும் கலப்பதால் அது சுத்தமான ஆல்ஃபா என்று சொல்ல மாட்டேன். வாய் திறக்குமுன், மூச்செடுக்கும் அந்த இடைவெளியில் எழுவதுதான் சுத்தமானது. அதை மட்டும் எடுக்கும்படி பிறகு மாற்றினோம்.

இதே எண்ணை ஒலிக்குப் பதில் எல்இடி பட்டிக்குக் கொடுத்தால் விளக்கு. கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் வைக்கும் கூட்டுக்குள்ளோ வெசாக் கூட்டுக்குள்ளோ பட்டியைச் சுற்றி, கண் மூடினால் மஞ்சள், திறந்தால் வெள்ளை என்று செய்யலாம். பிள்ளைகளோடு ஒரு பின்னேரத்தில் முடியும்.

இமையால் எழுதுவது

இனி, எனக்கு மிகவும் முக்கியமான பகுதி. ஒருவருக்கு உண்மையான பயன் வேண்டுமென்றால் மூளை அலையைவிட இமையை நம்புங்கள். ஒரு இமைப்பு நெற்றியில் எழுப்பும் மேடு மூளை அலையைவிடப் பல மடங்கு பெரியது. தவறாமல் பிடிபடும். மூளையலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து இரண்டு மாதத்தை இழந்தவன் நான். படுக்கையில் இருக்கிறவருக்கு அந்த இரண்டு மாதம் பெரியது.

கருவியைத் தொடுமுன் ஒரு அட்டையை எடுங்கள். ஆறு சொல் எழுதுங்கள். எங்கள் அட்டையில் இருந்தவை: தண்ணி, வலி, ஃபேன், திருப்பிப் படுக்கவிடு, பாத்ரூம், ஆளைக் கூப்பிடு. ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வாருங்கள். வேண்டியது வந்ததும் அவர் இரண்டு தடவை அழுத்தி இமைக்கட்டும். இது கைகூடினால் கருவியும் கைகூடும். இது கைகூடாவிட்டால் கருவி உதவாது. பேச்சு மொழிச் சிகிச்சையாளரைப் பாருங்கள். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் அந்தத் துறையில் பட்டப்படிப்பே நடத்துகிறது, ஆகவே பயிற்சி பெற்றவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். கண்மணியை நன்றாக அசைக்க முடிகிறவருக்குக் கண்பார்வையைத் தொடரும் கமராக் கருவிகள் இதைவிட விரைவு என்பதையும் அவர்கள் சொல்வார்கள்.

கைகூடியதா? சரி, அப்புறம் இப்படிச் செய்யுங்கள். பில்லின் ஒரு முனை ஒரு புருவத்துக்கு மேலே, ஒன்று அதே கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில், மூன்றாவது காதுக்குப் பின்னால். ஆர்டுயினோ நொடிக்கு 250 தடவை வாசிக்கட்டும். நாம் எல்லோரும் நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை தானாகவே இமைக்கிறோம். அவற்றை விலக்க வேண்டும். ஒரு நொடிக்குள் இரண்டு மேடு வந்தால் மட்டும் தெரிவு என்று எழுதுங்கள். எந்த உயரத்துக்கு மேல் மேடு என்பதை அவர் இயல்பாக இமைப்பதை ஐந்து நிமிடம் பதிந்து பார்த்து முடிவு செய்யுங்கள். ஆர்டுயினோவில் லியோனார்டோ வகையை வாங்கினால், அது கணினிக்குத் தன்னை ஒரு விசைப்பலகையாகவே அறிமுகப்படுத்திக்கொள்ளும். இரட்டை இமைப்புக்கு ஸ்பேஸ் விசையை அழுத்தச் சொல்லுங்கள். அண்ட்ரொய்ட் போனில் ஸ்விட்ச் அக்சஸ் என்ற வசதி இருக்கிறது. ஒரே விசையால் போன் முழுவதையும் நடத்தலாம்.

போனின் தமிழ் விசைப்பலகை இதற்கு ஆறுதல் தராது, அதில் பெட்டிகள் அதிகம். இங்கேதான் நம் எழுத்தின் அமைப்பு கைகொடுக்கிறது. 247 எழுத்து என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. இன்னும் ஐந்து பெட்டி சேர்த்தால் 36, அதாவது ஆறுக்கு ஆறு கட்டம். 1988இல் ஃபார்வெலும் டோன்சினும் மூளையலையால் ஆங்கிலம் எழுத முதன்முதல் வைத்த கட்டமும் இதே ஆறுக்கு ஆறுதான். தமிழும் அதில் அச்சொட்டாக உட்காரும் என்று கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரியம்மாவின் பலகை இது:

க த ம ர வ ன
இ உ ஆ ஐ ப ல
ந ண ட ச ய ள
ங ஞ ற ழ எ ஏ
அ ஈ ஊ ஒ ஓ ஔ
ஃ இடைவெளி புள்ளி அழி மணி வாசி

தமிழ்99 விசைப்பலகையின் முறைதான். க என்று தெரிவு செய்தால் அகரம் அதற்குள்ளேயே இருக்கிறது. பின்னால் இ தெரிவு செய்தால் கி ஆகும். ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும், ந-த, ம-ப போன்ற இணைகளுக்கும் அப்படியே. அடிக்கடி வருபவை மேலே இடப்பக்கம். முதலில் வரிசைகள் ஒரு நொடிக்கு ஒன்றாக ஒளிரும். இரட்டை இமைப்பு வரிசையை நிறுத்தும். பிறகு அந்த வரிசைக்குள் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வ முதல் வரிசை ஐந்தாவது பெட்டி, 6 நொடி. ல இரண்டாம் வரிசை ஆறாவது, 8 நொடி. இ அதே வரிசை முதலாவது, 3 நொடி. வலி என்று சொல்ல 17 நொடி. கிரந்த எழுத்துகளுக்கு இன்னொரு பக்கம் வையுங்கள், பேரன் பேத்தி பெயரெல்லாம் அங்கேதான் இருக்கும்.

பலகை ஓடத் தொடங்கிய நாலாம் நாள். பெரியம்மா சொல் அட்டையில் ஃபேனைத் தெரிவு செய்தார். வேர்க்கிறது போல என்று பெரியப்பா உடனே ஃபேனைக் கூட்டினார். அவர் மறுபடியும் ஃபேன் என்றார். பெரியப்பா முழு வேகத்தில் வைத்தார். பிறகு பெரியம்மா எழுத்துப் பலகைக்குப் போனார். க. உ. ற. ஐ. 19 நொடி. குறை. அதற்கு முன்பும் பல மாதமாக அவர் முகம் சுளிக்கும்போதெல்லாம் நாங்கள் ஃபேனைக் கூட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

வீட்டில் வைப்பவர்களுக்கு இரண்டு சொல். ஒரே இடத்தில் நாள் முழுக்க ஸ்டிக்கர் இருந்தால் தோல் புண்ணாகும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், இடத்தைச் சற்று மாற்றி ஒட்டுங்கள், இரவில் கழற்றிவிடுங்கள். இதையே ஒரே மணியாக நம்பியும் இருக்காதீர்கள். பற்றரி இறங்கும், ஸ்டிக்கர் கழலும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அட்டையும் கட்டிலோடு தொங்கட்டும்.

இன்னும் தூரம் போக

ஃபார்வெல்-டோன்சின் கட்டம் இமை கூட இல்லாமல் வேலை செய்வது. வரிசைகளும், மேலிருந்து கீழாக வரும் நிரல்களும் மாறி மாறி மின்னும்போது, நீங்கள் காத்திருக்கும் எழுத்து மின்னினால் ஏறத்தாழ 300 மில்லிநொடி கழித்து மூளையலையில் ஒரு மேடு எழும். ஒரு தடவையில் அது மற்ற அலைகளின் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். பத்துப் பதினைந்து தடவை மின்னவைத்துச் சராசரி எடுத்தால் தெரியும். எழுத்துக்குப் பதில் நிறம், வடிவம், தூரிகை அளவு என்று கட்டத்தில் வைத்து, ஜெர்மனியில் வூர்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தார் ஓவியம் வரையும் முறையாக்கினார்கள். மோட்டார் நியூரோன் நோயால் அசையாமல் போனவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே வரைந்து கண்காட்சியும் வைத்திருக்கிறார்கள். உங்களிடம் எட்டு வழிப் பலகையும் பைதன் மொழியும் இருந்தால் பிரெயின்ஃபுளோ, எம்என்இ என்ற இலவச நூலகங்களோடு இதைத் தொடங்கலாம். கையை அசைப்பதாகக் கற்பனை செய்து கர்சரை நகர்த்தும் முறையும் உண்டு. அதற்குப் பல வாரப் பழக்கம் தேவை, சிலருக்கு வருவதே இல்லை. அதை ஆகக் கடைசிக்கு விடுங்கள்.

பிள்ளைகளும் தரவும்

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் கவனத்தை இது கூட்டுமா, அளக்குமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தலைப்பட்டிச் செயலிகள் காட்டும் கவன எண், நிறுவனம் தனக்குள் வைத்திருக்கும் ஒரு சூத்திரத்திலிருந்து வருவது. பிள்ளை நெற்றியைச் சுருக்கினாலே அது ஏறி இறங்கும். 2019இல் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஒரு தொடக்கப் பள்ளி மாணவர் தலையில் இப்படிப் பட்டி கட்டி, கவனத்தை ஆசிரியருக்குக் காட்டியது. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திவிட்டார்கள். பத்து வயதுப் பிள்ளை வகுப்பில் ஜன்னலைப் பார்த்து யோசிப்பதை ஒரு எண்ணாக்கி அம்மாவிடம் கொடுக்கும் வேலையை நம் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

தரவு எங்கே போகிறது என்றும் பாருங்கள். பல செயலிகள் பதிவை நிறுவனத்தின் சேவைக்கணினிக்கு அனுப்பும். சிலி நாடு 2021இல் மூளைத் தரவைக் காக்க அரசியலமைப்பையே திருத்தியது. 2023 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு தலைப்பட்டி நிறுவனத்திடம் ஒருவரின் மூளைத் தரவை அழிக்கச் சொன்னது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனி வகையாக எடுக்கிறது. முடிந்தவரை பதிவை உங்கள் கணினியிலேயே வைக்கும் மென்பொருளைத் தெரிவு செய்யுங்கள். நண்பரின் தலையில் அளந்தால், முதலில் கேட்டுவிட்டு அளந்து, முடிந்ததும் அவர் முன்னாலேயே கோப்பை அழியுங்கள்.

வேலை முடிந்ததும் முனைகளை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்றில் உலோக முனை ஒரு மாதத்தில் கறுத்துவிடும். திறந்த ஸ்டிக்கர் பக்கெட்டின் வாயை மடித்து, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போடுங்கள். ஜெல் காய்ந்த ஸ்டிக்கரைத் தண்ணீர் தொட்டு மீண்டும் ஒட்டிப் பார்க்க வேண்டாம். புதியதை எடுங்கள்.